ஆறாவது கட்டிலின் பச்சை விளக்கு

“பாஸ், திருட்டு முழி எப்படி இருக்கும்னு எனக்கு ஒரு நாள் பூரா பாடம் எடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?” என்றாள் காரை ஓட்டிக்கொண்டிருந்த உதவியாளர் லோஷினி. “காடி கண்ணாடில கொஞ்சம் பாருங்க. அச்சு அசலா அதே முழி.”

துப்பறிவாளர் குணாளன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அந்த முகத்தைக் காலையில் சவரம் செய்யும்போதே பார்த்துவிட்டார். இன்னொரு முறை பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

மலேசியாவின் ஜொகூரில், ரெங்கத்திலிருந்து பெக்கான் நானாசுக்குப் போகும் சாலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. பின் சீட்டில், ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்த வெள்ளை விரிப்பு ஒன்று இருந்தது. பார்த்தால் சாதாரணக் கட்டில் விரிப்பு போலத்தான் இருக்கும். ஆனால் பதினெட்டு நாளுக்கு முன்னால் அது செய்யவேண்டிய வேலையைச் செய்யவில்லை. ஒரு கிழவருக்கு இடுப்பெலும்பு போயிற்று. ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. அவள் வேலை போனதற்குக் காரணம் விரிப்பு இல்லை, குணாளன்.

நடந்தது இதுதான். ரெங்கத்தில் ஒரு முதியோர் இல்லம். அங்கே எட்டுக் கட்டில்களில் எட்டு சென்சர் விரிப்புகள் போட்டார்கள். ஆள் படுத்தால் நர்சின் மேசையில் அந்தக் கட்டிலுக்குரிய பச்சை விளக்கு எரியும். ஆள் எழுந்தால் விளக்கு சிவப்பாகி, ஊரைக் கூட்டுகிற மாதிரி அலாரம் அலறும். விரிப்புகள் வந்த முதல் ராத்திரியே, விடிகிற நேரத்தில், ஆறாவது கட்டிலிலிருந்த அய்யாவு என்ற எழுபத்தாறு வயதுப் பெரியவர் தனியாக எழுந்து நடந்து விழுந்தார். அலாரம் மூச்சு விடவில்லை. பதிவை எடுத்துப் பார்த்தால், மற்ற ஏழு கட்டில்களுக்கும் பச்சை இருந்தது. ஆறாவது கட்டிலுக்கு மட்டும் ராத்திரி முழுக்க எதுவுமே இல்லை; முதல் ராத்திரி என்பதால் அது யாருக்கும் உறைக்கவில்லை.

காப்பீட்டு நிறுவனம் குணாளனை அனுப்பியது. அவர் விரிப்பைச் சோதித்தார். விரிப்பு சரியாக வேலை செய்தது. நல்ல விரிப்பு ராத்திரி முழுக்க ஊமையாக இருந்தால் என்ன அர்த்தம்? யாரோ ப்ளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். அன்று ராத்திரி நர்சாக வேலையில் இருந்தது செல்வராணி. அவளே கட்டிலோரத்தில் தன் ஹான்ட்போனுக்கு சார்ஜர் மாட்டியதாகச் சொன்னாள். அப்புறம் என்ன வேண்டும்? குணாளன் அரை மணி நேரத்தில் அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டு, பரவாயில்லையே என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார். செல்வராணியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு இல்லத்தின் நிர்வாகக் கூட்டம். அது முடிந்ததும் அவள்மீது போலீசில் புகார்.

அத்தோடு அவர் அதை மறந்திருப்பார். முந்தாநாள் வேறு வேலையாகக் குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருந்தால்.

அங்கே செல்வராணி அய்யாவுவின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். கிழவர் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். தினமும் பஸ் பிடித்து வருகிறாள், அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை, இவளும் விடுவதில்லை என்று வார்டு தாதி சொன்னாள். அதிலிருந்து குணாளனுக்குச் சோறு இறங்கவில்லை. பொறுப்பில்லாமல் ப்ளக்கைப் பிடுங்குகிற ஒருத்தி இப்படி வந்து உட்காருவாளா என்ற கேள்வி அவரைப் பிடுங்கித் தின்றது.

நேற்று இல்லத்துக்குப் போய் விரிப்பைத் திரும்ப வாங்கினார். அதன் மூலையில், தயாரிப்பு எண் ஒட்டியிருந்த இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. முதல் அறிக்கையில் அதை ‘மருந்துக் கறை’ என்று எழுதியிருந்தார். லோஷினி நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“மருந்தா? பாஸ், இது குங்குமம் லா. உங்க வீட்ல சாமி கும்பிடறதே இல்லையா?”

பாக்டரியில் மெஷின் செய்து அனுப்புகிற சரக்குக்கு யார் பொட்டு வைத்தார்கள்? கையில் இருந்த நூல் நுனி அது ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பயணம்.

“ஒண்ணு சொல்லட்டா பாஸ்?” என்றாள் லோஷினி. “நீங்க எழுதின ரிப்போர்ட்ட நீங்களே கிழிச்சா, அந்த இன்சூரன்ஸ்காரங்க இனிமே உங்கள கல்யாணத்துக்குகூட கூப்பிட மாட்டாங்க.”

“அவங்க வீட்டு பிரியாணி நல்லா இருக்காது. நீ ரோட்ட பாத்து ஓட்டு.”

பெக்கான் நானாசுக்கு வெளியே, அன்னாசித் தோட்டங்கள் முடிகிற இடத்தில் இருந்தது அந்தச் சிறு தொழிற்சாலை. முதலாளி மெய்யப்பன் வாசலுக்கே வந்து வரவேற்றார். அறுபது வயது, நெற்றி நிறைய விபூதி, பெருத்த உடம்பு. விருந்தாளிக்குக் காபி கொடுக்காமல் பேச்சைத் தொடங்கத் தெரியாத செட்டிநாட்டுக் குடும்பம். சுவரில் ஒரு புகைப்படம்: மெய்யப்பன் மாலையும் கழுத்துமாக இல்லத்துக் கட்டிலில் உட்கார்ந்து, கட்டை விரலை உயர்த்திக்கொண்டிருந்தார்.

“எங்க அப்பச்சி திதிக்கு எட்டு விரிப்பு தானம் பண்ணினோம். நானே ஒவ்வொண்ணுலயும் உட்கார்ந்து எந்திரிச்சு பாத்தேன். எட்டும் அடிச்சுது,” என்றார் மெய்யப்பன். “அந்தப் பொண்ணு ப்ளக்க புடுங்காம இருந்திருந்தா... என்ன பண்றது, விதி.”

ப்ளக் என்ற வார்த்தை குணாளனுக்குச் சுருக்கென்று தைத்தது. அது அவருடைய அறிக்கையின் வாசகம். இப்போது ஊர் முழுக்க வாயில் புழங்குகிறது.

“இவர் உட்கார்ந்தா கட்டிலே அலறும்,” என்று லோஷினி அவர் காதில் கிசுகிசுத்தாள். குணாளன் அவளை முறைத்தார்.

உள்ளே ஒரு கண்ணாடி அறை. அதில்தான் விரிப்பின் உயிர் தயாராகிறது. மெஷினைப் பார்த்துக்கொள்கிற ஹேமநாதன் பெக்கோக் பக்கத்து ஆள், முப்பது வயதிருக்கும். யார் முகத்தையும் பார்க்காமல் மெஷினைப் பார்த்தே பேசினான்.

“பிளாஸ்டிக்க கரைச்சு இந்த ஊசில ஏத்துவோம் சார். இருபதாயிரம் வோல்ட் குடுத்தா சொட்டா விழாது, நூலா பறக்கும். அந்த உருளை மேல போயி சுத்திக்கும். நம்ம தலைமுடிய நூறா பொளந்தா எவ்வளவோ, ஒரு நூல் அவ்வளவுதான்.”

உருளையின்மேல் காய்ச்சிய பாலின் ஆடையைப் போல வெள்ளையாக ஏதோ படிந்துகொண்டிருந்தது. நூல் கண்ணுக்கே தெரியவில்லை.

“இது எப்படி ஆள் படுத்தத கண்டுபிடிக்குது?”

“அமுக்கினா இதுல கரண்டு கசியும் சார். ரொம்ப ரொம்ப கொஞ்சம். நல்ல நூலா இருந்தா, படுத்திருக்கறவங்க மூச்சு விடறதுகூட தெரியும்.”

“நல்ல நூலா இருந்தா,” என்று குணாளன் திருப்பிச் சொன்னார். ஹேமநாதன் உடனே ஒரு திருகாணியைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது.

கதவில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: ஈரப்பதம் 45-க்கு மேல் இருந்தால் மெஷினை ஓட்டக்கூடாது. ஜொகூரில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். அந்த அறை மட்டும் உலர்ந்திருக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு கருவி வேண்டும். அது மூலையில் சாம்பல் நிறப் பெட்டியாக உறுமிக்கொண்டிருந்தது.

குணாளன் பையிலிருந்து விரிப்பை எடுத்து மூலையைக் காட்டினார். “இந்தப் பொட்டு?”

மெய்யப்பன் முகம் மலர்ந்தது. “அதுவா! எங்க வீட்டு ஆச்சி மீனாள் வச்சது. விஜயதசமி அன்னிக்கு ஓட்டின முதல் ரோல் தம்பி. முதல் ரோல நாங்க விக்க மாட்டோம். தானம்தான். எட்டு விரிப்பும் அதுலேருந்து வெட்டினதுதான்.”

“முதல் நாள் ஆயுத பூஜை. மெஷினுக்கு லீவா?”

“பின்ன? சந்தனம், குங்குமம், பொரி, சுண்டல், வாசல்ல பூசணிக்கா, எல்லாம் முறையா நடக்கும். பொட்டு வச்சதுக்கப்புறம் மறுநாள் நல்ல நேரம் வரைக்கும் எந்த மெஷினையும் தொட மாட்டோம். ஸ்விட்ச்சகூட போட மாட்டோம்.”

“எந்த மெஷினையும்?”

“எதையும்.”

குணாளன் மெதுவாக நடந்து மூலைக்குப் போனார். சாம்பல் நிறப் பெட்டியின் முன் குனிந்தார். அதன் நெற்றியில், காய்ந்து கருத்துப்போய், ஒரு சந்தனக் கீற்று, நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு.

“இதுவும் மெஷின்தானே?” என்றார்.

பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

“அலமாக்!” என்றாள் லோஷினி. “ஈரம் இழுக்கற மெஷினுக்கும் ராத்திரி பூரா ஓய்வு குடுத்துட்டீங்களா?”

“அன்னிக்கு பதிவேட்ட எடுங்க,” என்றார் குணாளன்.

ஹேமநாதன் கொண்டுவந்து கொடுத்தான். ஒவ்வொரு நாளும் தொடங்கிய நேரம், வெப்பம், ஈரப்பதம் என்று வரிசையாக எண்கள். விஜயதசமிப் பக்கத்தில், தொடங்கிய நேரம் காலை ஏழு முப்பத்தைந்து. ஈரப்பதம் எழுதவேண்டிய கட்டத்தில் மட்டும் எண் தெரியவில்லை; மூலையில் இருந்த அந்தக் கட்டத்தை மூடி மஞ்சள் தடவியிருந்தது. பூஜைக்கு வைத்த மஞ்சள் என்றால் நாலு மூலையிலும் இருக்கும்; பக்கத்தின் மற்ற மூன்று மூலைகளில் மஞ்சள் இல்லை. லோஷினி தாளை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

“எழுபத்தெட்டு,” என்று படித்தாள். “மங்களகரமா மறைச்சிருக்காங்க பாஸ்.”

ஹேமநாதன் அப்படியே சுவரில் சாய்ந்தான். அவன் சொல்ல ஆரம்பித்தபோது, இத்தனை நாளும் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரிதான் இருந்தது.

“ஈரம் ஏறினா நூல் ஒழுங்கா காயாது சார். நடுநடுவுல மணி மணியா முடிச்சு விழும். மறுநாள் மைக்ராஸ்கோப்ல வச்சு பாத்தேன். பூரா முடிச்சு. அந்த ரோல தூக்கி எறிஞ்சிருக்கணும். விஜயதசமி முதல் ரோல் சார். ஆச்சி கையால பொட்டு வச்சது. முதலாளி அதுக்கு முன்னாடி நின்னு கண் கலங்கினாரு. அத குப்பைல போடுங்கன்னு நான் எந்த வாயால சொல்றது? சோதனைல பாஸ்னு எழுதிட்டேன்.”

“மஞ்சள் தடவினது?”

“நாந்தான்,” என்றார் மெய்யப்பன். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “ஏழு முப்பத்தஞ்சுக்கு எண்ணைப் பாத்தேன். ரூம் காய ஆறு மணி நேரம் ஆகும், நல்ல நேரம் ஒன்பது மணிக்குள்ள போயிடும். ஒரு நாள்ல என்ன ஆயிடும், சாமி பாத்துக்கும்னு நெனச்சேன். அந்தப் பெரியவர் விழுந்தாருன்னு கேட்டப்ப தூக்கமே போச்சு. அப்புறம் உங்க ரிப்போர்ட் வந்துச்சு, அந்தப் பொண்ணு ப்ளக்க புடுங்கினான்னு. நான் அன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்கினேன் தம்பி. உங்களுக்கு மனசுக்குள்ள நன்றிகூட சொன்னேன்.”

யார் யாரோ குணாளனைத் திட்டியிருக்கிறார்கள், கெட்ட வார்த்தையில் ஏசியிருக்கிறார்கள். இந்த நன்றியைப் போல எதுவும் அவரை அடித்ததில்லை. ஆனாலும் அவருக்குள் இருந்த தொழில்காரன் கடைசியாக ஒருமுறை முரண்டு பிடித்தான்.

“இருங்க. விரிப்பு கெட்டுப்போனதுன்னா நான் சோதிச்சப்ப எப்படி அடிச்சுது? நானே உட்கார்ந்து எந்திரிச்சேன். பச்சையும் வந்துச்சு, அலாரமும் அடிச்சுது. முதலாளியும் பாத்திருக்காரே?”

ஹேமநாதன் முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தான். மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

“சார் எவ்வளவு வெயிட் இருப்பீங்க?”

குணாளன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

“தொண்ணூத்தி நாலு,” என்றாள் லோஷினி. இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை.

“முடிச்சு விழுந்த நூல் சுத்தமா செத்துப் போகாது சார். மந்தமாயிடும். கனமான ஆள் உட்கார்ந்தா வேலை செய்யும். லேசான ஆள் படுத்தா, மேல யாரோ இருக்காங்கன்னே அதுக்கு தெரியாது. படுத்ததே தெரியலன்னா எந்திரிச்சது எப்படி தெரியும்?”

லோஷினி ஒன்றும் கேட்காமல் நீள மேசைமேல் விரிப்பை விரித்தாள். ஹேமநாதன் சோதனைப் பெட்டியை இணைத்தான். நாற்பத்து மூன்று கிலோ லோஷினி செருப்பைக் கழற்றிவிட்டு மேசையில் ஏறிப் படுத்தாள். பச்சை வரவில்லை. புரண்டு படுத்தாள். வரவில்லை. எழுந்து இறங்கினாள். பெட்டி கம்மென்று இருந்தது.

“நீங்க பாஸ்,” என்றாள்.

குணாளன் உட்கார்ந்தார். பச்சை பளிச்சென்று எரிந்தது. எழுந்தார். அலாரம் அந்தக் கண்ணாடி அறை அதிர அலறியது. அதை நிறுத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அய்யாவுவின் எடை குணாளனுக்குத் தெரியாமல் இல்லை. இல்லம் கொடுத்த கோப்பின் முதல் பக்கத்தில் இருந்தது: முப்பத்தொன்பது கிலோ. படித்தார், பக்கத்தைப் புரட்டினார். அவருக்கு அப்போது வேண்டியிருந்தது எடை இல்லை, பழியைப் போட ஓர் ஆள். அது இரண்டாம் பக்கத்தில் பெயரோடு இருந்தது.

தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது மெய்யப்பன் கையெழுத்துப் போட்ட வாக்குமூலமும், பதிவேட்டின் அந்தப் பக்கமும் குணாளன் கையில் இருந்தன. மற்ற ஏழு விரிப்புகளையும் அன்றைக்கே எடுத்து வர ஹேமநாதன் லாரியில் ரெங்கத்துக்குக் கிளம்பினான். கேசைப் பொறுத்தவரை வெற்றி. காடி சிம்பாங் ரெங்கம் தாண்டியதும் லோஷினி, “பாஸ், நானும்தான் அன்னிக்கு பக்கத்துல நின்னேன். எனக்கும் தோணல,” என்றாள். அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள். அவருக்கு ஆறுதலாக இல்லை.

குளுவாங் ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. செல்வராணி வார்டுக்கு வெளியே பெஞ்சில், மடியில் கஞ்சித் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். வயது முப்பத்தைந்துதான்; முகத்துக்கு அதைவிட அதிகம். குணாளனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் எழுந்து நின்றதே அவருக்குத் தாங்கவில்லை.

“உட்காரும்மா,” என்றார். அவள் உட்காரவில்லை. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பூஜை, ஈரம், நூல், எடை. கடைசியாக, “ப்ளக்க நீ புடுங்கல,” என்றார்.

“சார்ஜர் மாட்டினேனே சார்?”

“அது பக்கத்து ப்ளக். விரிப்போட ப்ளக் கடைசி வரைக்கும் மாட்டித்தான் இருந்திருக்கு.”

அவள் அழவில்லை. தூக்கின் மூடியைத் திறந்து, மூடினாள்.

“மொதல்ல எனக்கும் அப்படித்தான் சார் தோணுச்சு, நான் புடுங்கலன்னு. எல்லார்கிட்டயும் சொன்னேன். அப்புறம் உங்க ரிப்போர்ட்ட காட்டினாங்க. இவ்வளவு படிச்ச மனுசன், எத்தனையோ கேஸ் பாத்தவரு, விசாரிச்சுத்தானே எழுதியிருப்பாருன்னு நெனச்சேன். யோசிக்க யோசிக்க எனக்கே ஞாபகம் வர ஆரம்பிச்சுது சார். என் கை அந்த ப்ளக்க புடிச்சு இழுக்கற மாதிரி. கனவுலகூட வருது.” அவள் குரல் அங்கேதான் உடைந்தது. “அன்னிலேருந்து தினமும் இவர் கால புடிச்சுக்கிட்டு, நாந்தான் தாத்தா, நாந்தான்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

“மன்னிச்சிரும்மா,” என்றார் குணாளன்.

“என்கிட்ட சொன்னது போதும் சார். உள்ள வந்து அவர்கிட்ட சொல்லுங்க. நான் பக்கத்துல நின்னு கேக்கணும்.”

அய்யாவு விழித்துத்தான் இருந்தார். முகம் சுவர் பக்கம். குணாளன் கட்டிலருகே போய், முன்பு மெய்யப்பனிடமிருந்தும் ஹேமநாதனிடமிருந்தும் வாங்கிய வாக்குமூலத்தைப் போலவே, ஒன்றும் விடாமல் சொன்னார். துப்பறிவாளன் என்று தன்னை அறிமுகம் செய்துகொள்ள மட்டும் நா எழவில்லை. கிழவர் அசையாமல் கேட்டார்.

“அப்ப தப்பு பண்ணினது யாரு?” என்றார் அய்யாவு, சுவரைப் பார்த்தபடியே.

எத்தனையோ வீடுகளில், எத்தனையோ பேர் வட்டமாக உட்கார்ந்திருக்க, இந்தக் கேள்விக்கு குணாளன் விரலை நீட்டிப் பதில் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு நொடிக்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

“மூணு பேரு ஐயா. ரெண்டு பேரு தெரிஞ்சும் வாயத் தொறக்கல. மூணாவது ஆளு ஒண்ணும் தெரியாமயே வாயத் தொறந்துட்டான், செல்வராணிதான்னு. அது நான்.”

அய்யாவு வலியோடு தலையைத் திருப்பினார். குணாளனைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார்.

“ஆயி, இத்தனை நாளா உன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசலியே,” என்றார். “கஞ்சி கொண்டாந்தியா?”

செல்வராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையணையை உயர்த்தி அவரைச் சாய்த்து வைத்தாள். கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினாள். கதவோரம் லோஷினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குணாளனை இரு என்றோ போ என்றோ யாரும் சொல்லவில்லை.

“நாளைக்கு பத்து மணிக்கு கூட்டம் இருக்கு சார்,” என்றாள் செல்வராணி, அவரைத் திரும்பிப் பார்க்காமலே. “இல்லத்துல எல்லாரும் வருவாங்க. இப்ப இங்க சொன்ன மாதிரியே அங்கயும் சொல்லணும்.”

“சொல்றேன்மா.”

“மெஷின் மேல மட்டும் பழியப் போட்டுட்டு வந்துடாதீங்க. மூணாவது ஆளையும் சேத்து சொல்லுங்க.”

“பேரோட சொல்றேன்,” என்றார் குணாளன்.

அவள் ஒரு கரண்டி கஞ்சியை எடுத்து, ஊதி ஆற்றி, பெரியவர் வாயருகே கொண்டுபோனாள்.